அம்பாசிடருக்கு ஈயம் வேண்டாம்



கடப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ஓட்டிய பெட்ரோல் அம்பாசிடர் பல வருடங்களாகக் கொட்டகையிலேயே நிற்கிறது. அதை மறுபடியும் சாலைக்குக் கொண்டுவர அவருக்கு ஆசை. ஒரு மெக்கானிக், “இது ஈயம் கலந்த பெட்ரோலுக்குன்னு செஞ்ச இன்ஜின்ங்க, இப்ப வர்ற பெட்ரோல்ல ஓட்டினா வால்வு போயிடும்” என்று சொல்லிவிட்டாராம். இன்னொருவர், ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஏதோ ஒரு பாட்டில் மருந்து ஊற்றச் சொல்லியிருக்கிறார். “வண்டியை விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறார்.

வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் இதே பயம் இருப்பதால், பதிலைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

மெக்கானிக் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை அதைவிடப் பெரியது. பெட்ரோலில் ஈயம் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி ஒரு ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்து பார்த்தார். டெட்ரா எத்தில் லெட் என்பது அதன் பெயர். மேடு ஏறும்போது இன்ஜின் ‘டக் டக்’ என்று தட்டும் தொல்லை அதனால் நின்றது. 1923 பிப்ரவரியில் அதே ஊரில் அது விற்பனைக்கு வந்தது. இன்ஜின் தட்டுவதை நிறுத்த வேறு வழியும் இருந்தது என்பது அந்த ஆய்வுக்கூடத்துக்கே தெரியும். எரிசாராயம், அதாவது எத்தனால், அதே வேலையைச் செய்யும். ஆனால் எத்தனாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஈயச் சேர்மத்துக்கோ காப்புரிமை வாங்கலாம். அன்று நடந்த அந்தத் தேர்வின் விலையை உலகம் நூறு வருடம் கொடுத்தது.

1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு சிறிது காலம் நின்ற விற்பனை மறுபடியும் தொடங்கியது. பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, தன் ஆய்வுக்கூடத்தில் எங்கு பார்த்தாலும் ஈயம் படிந்திருப்பதைக் கண்டு அதன் மூலத்தைத் தேடிப் போனார். மனிதர் உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கையாக வந்ததல்ல என்று 1965-ல் எழுதினார். குழந்தைகளின் பால்பற்களில் சேர்ந்த ஈயத்துக்கும் அவர்களுடைய படிப்புக்கும் உள்ள தொடர்பை ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர் 1979-ல் காட்டினார். ஒவ்வொரு நாடாகக் கைவிட்டு, கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்திய பிறகுதான் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்கும் நாடு ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தது.

நம் நாட்டில் 1994-க்கு முன்பு லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அம்பாசிடரில் 40 லிட்டர் நிரப்பினால், அந்த வரம்பின்படி 22 கிராமுக்கு மேல் ஈயம் டாங்கிக்குள் போகும். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகத் தூசாக வெளியே வந்து, வீட்டு வாசலிலும் பள்ளிக்கூடத்து மண்ணிலும் படியும். தவழும் குழந்தைதான் அந்த மண்ணை அளைந்து விரலை வாயில் வைக்கும்.

உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு இந்த நிலையை அசைத்தது. 1994 ஜூனில் நான்கு பெருநகரங்களில் ஈயத்தின் அளவு லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைந்தது. 1995 ஏப்ரல் 1 முதல் அதே நகரங்களில் ஈயமே இல்லாத பெட்ரோல் வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்திய புதிய கார்களுக்காக வந்த ஏற்பாடு அது. அந்தக் கருவியில் இருக்கும் பிளாட்டினத்தை ஈயம் கெடுத்துவிடும். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் மட்டும்தான். கடப்பாக்கம் வாசகரின் வண்டி கொட்டகைக்குள் போவதற்கு முன்பே பல வருடம் அந்தப் பெட்ரோலில் ஓடியிருக்க வாய்ப்பு உண்டு என்பதை அவர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி இன்ஜினுக்கு வருவோம். இங்கேதான் மெக்கானிக்கின் பயம் பிறக்கிறது.

ஈயம் இரண்டு வேலை பார்த்தது. ஒன்று, இன்ஜின் தட்டாமல் காப்பது. இதைப் பற்றி அம்பாசிடர்காரர்கள் கவலைப்படவே வேண்டாம். அந்த 1489 சி.சி. இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 7-க்குச் சற்றே மேல். அன்று கிடைத்த தரம் குறைந்த பெட்ரோலுக்கும் பொருந்தும் அளவு அது. இன்று பங்கில் கிடைப்பது 91 ஆக்டேனுக்குக் குறையாதது. அந்த இன்ஜினுக்கு அது தாராளம்.

இரண்டாவது வேலையை யாரும் திட்டமிடவில்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் எக்ஸாஸ்ட் வால்வு 1500 முறை தன் சீட்டில் வந்து மோதும். அதுவும் சிவக்கச் சூடேறிய நிலையில். அம்பாசிடருக்கு வைத்தது போன்ற பழைய இங்கிலாந்து வடிவ இன்ஜின்களில் அந்த சீட்டை வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே நேராகக் கடைந்திருப்பார்கள். சூட்டில் வால்வும் சீட்டும் நுண்ணிய அளவில் ஒட்டிக்கொண்டு, வால்வு திறக்கும்போது பிய்ந்து வரும். பிய்ந்த இரும்புத் துகள் வால்வின் முகத்தில் ஏறிக்கொண்டு சீட்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும். எரிந்த ஈயம் விட்டுச்சென்ற மெல்லிய படலம் இடையில் இருந்தவரை இந்த ஒட்டல் நடக்கவில்லை. ஈயம் போனதும் சில இன்ஜின்களில் சீட் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. இறங்கிய வால்வு முழுதாக மூடாது. மூடாத இடுக்கில் நெருப்புக் காற்று கசிந்து வால்வு எரிந்துபோகும். கம்ப்ரஷன் போகும், பிக்கப் போகும், காலையில் ஸ்டார்ட் ஆகாது.

இது எல்லா வண்டிக்கும் வருவதில்லை. நம் சாலையில் பழைய வண்டி என்றதும் நினைவுக்கு வருபவற்றில் பாதிக்கு வரவே வராது. யமஹா ஆர்.எக்ஸ்.100, யெஸ்டி, பழைய சேத்தக், மீன் கூடையோடு விடியற்காலையில் ஓடிய பழைய டி.வி.எஸ். 50 எல்லாம் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் இந்த வகை வால்வே கிடையாது. டீசல் இன்ஜின்களுக்கும் இந்தப் பேச்சு பொருந்தாது. டீசலில் ஈயம் கலந்ததே இல்லை. பிரீமியர் பத்மினிக்கு அலுமினிய ஹெட். திருவொற்றியூரில் செய்யப்பட்ட புல்லட்டுக்கும் அப்படித்தான். அலுமினியம் மென்மையான உலோகம், அதில் சீட்டை நேராகக் கடைய முடியாது. வேறு உலோகத்தில் வளையம் செய்து பதித்திருப்பார்கள். ஆகவே இவற்றில் பயம் மிகக் குறைவு.

மிச்சம் இருப்பவற்றில் முக்கியமானவை அம்பாசிடரும், நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கே சொந்தமான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையிலிருந்து 1961 முதல் வந்த கார் அது. டிரையம்ஃப் நிறுவனத்தின் வடிவம், நம் ஊர் ஆட்களின் கைவேலை. அதற்கும் வார்ப்பிரும்பு ஹெட்தான். செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் ஹெரால்டை இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இந்த இதழை வாசிக்கக்கூடும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இந்த இரண்டு கார்களிலும்கூட, எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே சீட் தேய்கிறது. வேகமும் பாரமும் நீண்ட நேரம் சேர்ந்தால்தான் வால்வு அந்தச் சூட்டுக்குப் போகும். கடப்பாக்கத்திலிருந்து செய்யூருக்கும் மரக்காணத்துக்கும் போய்வரும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அதே வண்டியை மே மாத வெயிலில் ஐந்து பேரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் 90-ல் வைத்து, மாமல்லபுரம் தாண்டிச் சென்னை வரை காலை எடுக்காமல் அழுத்தினால் சீட் தேயும். 60, 65-ல் போனால் அலைகளையும் உப்பளங்களையும் பார்த்துக்கொண்டே போகலாம், இன்ஜினும் பல வருடம் நீடிக்கும். அந்தக் காலத்தில் அம்பாசிடரை அப்படித்தான் ஓட்டினார்கள்.

ஈழத்து அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1990-களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் அரிதான போது, ஆஸ்டின் ஏ40-யையும் மொரிஸ் மைனரையும் மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபரேட்டரில் சில துளி பெட்ரோலை விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயில் ஈயம் ஏது? ஆக்டேனும் மிகக் குறைவு. புகை கக்கின, கரி படிந்தது, அடிக்கடி ஹெட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வண்டிகள் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. குறைந்த கம்ப்ரஷனில் தடித்த இரும்பில் வார்த்த அந்த இன்ஜின்களின் பொறுமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். அம்பாசிடரின் இன்ஜினும் அதே இங்கிலாந்துக் குடும்பத்து வாரிசுதான்.

கடப்பாக்கம் வாசகர் இப்போது என்ன செய்ய வேண்டும்? வால்வுகளின் டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, நோட்டில் எழுதி வையுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அளந்து பாருங்கள். வழக்கமான தேய்மானத்தில் இந்த இடைவெளி கூடும். எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், சீட் இறங்குகிறது என்று பொருள். இறங்கவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றவே வேண்டாம். ஓடுகிற இன்ஜினை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் பிரித்துப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இறங்குகிறது என்று தெரிந்தால், நல்ல லேத் பட்டறையில் கொடுத்து எக்ஸாஸ்ட் சீட்டுகள் நான்கையும் கடைந்தெடுத்து, கடினமான உலோக வளையம் பதிக்கச் சொல்லுங்கள். கூடவே எக்ஸாஸ்ட் வால்வுகளையும் கைடுகளையும் பார்த்துவிட வேண்டும். ஒருமுறை செய்தால் அந்த இன்ஜினின் ஆயுளுக்கும் போதும். பாட்டில் மருந்துகளில் வேலை செய்பவையும் உண்டு. பிரிட்டனில் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு சோதித்துப் பார்த்துச் சிலவற்றுக்கு மட்டும் சான்று கொடுத்தது. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் பெயர் தெரியாத பாட்டிலுக்கு மாதாமாதம் போடும் பணத்தைச் சேர்த்துவைத்து ஹெட் வேலைக்குக் கொடுப்பதே மேல்.

ஈயம் போனதில் இன்ஜினுக்கே நன்மையும் கிடைத்தது. இதை யாரும் சொல்வதில்லை. ஈயம் உள்ளே தங்கிவிடாமல் இருக்கப் புரோமின், குளோரின் சேர்மங்களையும் அன்று பெட்ரோலில் கலந்தார்கள். அவை எரிந்து அமிலமாகி சைலன்சரை அரித்தன. பிளக்குகளில் சாம்பல் படிந்தது, இன்ஜின் ஆயில் சீக்கிரம் கெட்டது. இன்று பழைய வண்டியில்கூட பிளக்கும் சைலன்சரும் அன்றைவிட அதிக நாள் வருகின்றன.

கொட்டகையில் கிடந்த வண்டியைப் புதுப்பிக்கும்போது நான் ஈயத்துக்குப் பயப்படுவது வேறொரு இடத்தில். பழைய பெயின்டில் ஈயம் உண்டு. வீட்டு வாசலில் வைத்துப் பெயின்டைச் சுரண்டினால் அந்தத் தூசு குழந்தைகள் விளையாடும் மண்ணில்தான் விழும். ஈரம் விட்டுத் தேயுங்கள், முகத்தை மூடிக்கொள்ளுங்கள், தூசைக் கூட்டி விடாமல் துடைத்தெடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஈயப் பெட்ரோல் நின்று ஐந்தாறு வருடம் கழிந்த பிறகு சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஈயத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்கா இன்று 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறது. பெட்ரோலிலிருந்து போன பிறகும் பெயின்டிலும் பேட்டரி உருக்கும் இடங்களிலும் பழைய மண்ணிலும் ஈயம் இருக்கிறது. தேய்ந்த சீட்டை லேத்தில் சரிசெய்துவிடலாம். ஈயம் தொட்ட குழந்தையின் மூளையை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது. அதனால்தான் பழைய பெட்ரோலை நினைத்து ஏங்குபவர்களோடு என்னால் சேர முடியவில்லை. வண்டியை நேசிக்கலாம், அது குடித்த நஞ்சை நேசிக்க வேண்டாம்.

இப்போது பழைய வண்டிக்காரர்கள் உண்மையாகவே கவனிக்க வேண்டியது எத்தனாலை. நூறு வருடம் முன்பு ஈயத்துக்காக ஒதுக்கப்பட்டது இன்று திரும்பி வந்திருக்கிறது. 2022 ஜூனில் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலக்கும் அளவை நாடு எட்டியது. 2025-ல் 20 சதவீதம். எத்தனால் நஞ்சல்ல, ஈயத்தோடு அதை ஒப்பிடவே கூடாது. ஆனால் அம்பாசிடர் காலத்து ரப்பர் குழாயும் பம்ப்பின் டயாஃப்ரமும் கார்க் பேக்கிங்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி, வெடித்து, கசியும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் வைத்த காபரேட்டரில் கலவை மெலிந்து வால்வுச் சூடு கூடலாம். மேலே சொன்ன சீட் தேய்மானத்துக்கு அது துணைபோகும். எத்தனாலுக்குச் சக்தியும் குறைவு. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதத்துக்குச் சரிசெய்த கார்களில் 20 சதவீதக் கலவையால் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது.

கடப்பாக்கம் போன்ற கடலோர ஊர்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். தகர டாங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஆலம்பரைக் கோட்டைப் பக்கமிருந்து உப்புக்காற்று வீசும் ஊரில், மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் வண்டிக்கு இது எளிதில் நேரலாம். டாங்கி மூடியின் வாஷரை மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் குழாய்கள் கடையில் கிடைக்கின்றன, கேட்டு வாங்கிப் போடுங்கள். வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டாங்கியையும் காபரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது நாலு தெரு சுற்றி வாருங்கள்.

அரசுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்தபோது, பழைய வண்டிகளுக்காக 5 சதவீத வகையையும் விலை கூடிய பெட்ரோலாக விட்டுவைத்தார்கள். இங்கே எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. எத்தனாலால் கரும்பு விவசாயிக்குக் கிடைக்கும் வருமானத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்லர். வேறு வண்டி வாங்க முடியாத மீன் வியாபாரியும் தச்சரும் எலக்ட்ரீஷியனும்தான் அவர்கள். பெரிய ஊர்களில் சில பங்குகளிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோலை நியாயமான விலைக்கு வையுங்கள். ஒவ்வொரு பம்ப்பின் முகத்திலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தமிழில் எழுதுங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் அம்பாசிடரோ ஹெரால்டோ வேறு பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டியோ இருந்தால், டேப்பட் இடைவெளி எவ்வளவு காலத்தில் எவ்வளவு மாறியது, எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள், எத்தனால் பெட்ரோலில் எந்தக் குழாய் முதலில் போனது என்று எழுதி அனுப்புங்கள். நல்ல ஹெட் வேலை செய்யும் பட்டறை உங்கள் ஊர்ப் பக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மெக்கானிக்குகள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. வந்த கடிதங்களைத் தொகுத்து அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்